விடுமுறையில் நான் கற்ற பாடம்



போன வருஷம் ஜூனில் எங்கள் மகன் ஒன்றாம் வகுப்பு சேர வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் திறக்குமுன் எழுத்தும் எண்ணும் வந்துவிட வேண்டுமென்று, மே மாத வெயிலில் தினமும் அவனைச் சிலேட்டோடு உட்கார வைத்தேன். தப்பு விட்டால் சத்தம் போடுவேன். சில நாள் அடித்ததும் உண்டு.

ஒரு நாள் இரவு குடும்ப ஜெபத்தில் அவன் ஜெபித்தான்: "ஆண்டவரே, ஸ்கூல்லயாவது என்னை யாரும் அடிக்கக் கூடாது." என் மனைவி ஒன்றும் பேசவில்லை. நான் தலைகுனிந்தேன்.

பிள்ளைகளை எரிச்சலூட்டி மனம் சோரவிட வேண்டாம் என்று கொலோசெயர் 3:21 தகப்பன்மாரை எச்சரிக்கிறது. எத்தனையோ முறை வாசித்த வசனம். அன்றுதான் அது எனக்கென்று வந்தது. மகனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் சிலேட்டை எடுக்கவில்லை. அவனையும் தங்கச்சியையும் நுங்கு வாங்கக் கூட்டிப்போனேன்.

"ஒரு காயில எத்தனை கண்ணுடா?"

"மூணுப்பா."

"ரெண்டு காயில?"

விரல்விட்டு எண்ணி, "ஆறுப்பா!" என்று குதித்தான். வெறும் கூடுகளைக் குச்சியில் கோத்து வண்டி செய்து கொடுத்தேன். திரும்பும் வழியில் பள்ளிக்கூட வாசலைக் காட்டினேன். வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான்.

வழியில் நடக்கிறபோதும் பிள்ளைகளுக்குத் தேவ வார்த்தையைப் போதிக்கச் சொல்லுகிறது உபாகமம் 6:7. ஆனால் கூட நடக்கப் பயப்படுகிற பிள்ளைக்கு எதைப் போதிப்பது?

அருமையான பெற்றோரே, பள்ளிக்கூடம் திறந்தால் பகலெல்லாம் பிள்ளை ஆசிரியர் கையில். இந்த விடுமுறை நம் கையில். இன்று இரவு உங்கள் பிள்ளை என்ன ஜெபிக்கிறது என்று கவனித்துக் கேளுங்கள்.