டிபன் பாக்ஸில் ஊறாத சைவ ரோல்

கொல்கத்தா நிஜாம்ஸ் உணவகத்தின் காட்டி ரோலுக்குள் இருந்தது கபாப். 1960களின் இறுதியில் பம்பாயில் அமர்ஜித் சிங் திப் தொடங்கிய ஃபிராங்கி, பெய்ரூட்டில் அவர் சாப்பிட்ட பிட்டா ரொட்டிச் சுருளைப் பார்த்துப் பிறந்தது. பெயர் வந்தது மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் வீரர் ஃபிராங்க் வொரலிடமிருந்து. இரண்டுமே கல்லிலிருந்து நேரே கைக்கு வருபவை. காலையில் சுருட்டி, மதிய மணி அடித்ததும் பள்ளியில் திறக்கப்படும் சைவ ரோலின் கதை வேறு. அது டப்பாவுக்குள் ஐந்து மணி நேரம் தாங்க வேண்டும்.

தெருக்கடைச் செய்முறையை அப்படியே டிபன் பாக்ஸுக்கும் சொல்லிக்கொடுப்பவர்கள் மீதுதான் இதை எழுதுபவருக்குக் கோபம்.

வெள்ளரி, தக்காளி, வெங்காயத்தை நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் போட்டுப் பிசறி, சப்பாத்தியில் வைத்துச் சுருட்டச் சொன்னது ஒரு சமையல் வகுப்பு. இவரும் அதன்படியே செய்தார். மாலையில் மகள் தின்னாமல் கொண்டுவந்த டப்பாவின் அடியில் தண்ணீர். அதில் ஊறிப் பிய்ந்த சப்பாத்தி. வகுப்பில் கேட்டதற்கு, “கோதுமைச் சப்பாத்தி இதுக்குச் சரிப்படாதும்மா, டார்ட்டில்லா பாக்கெட் வாங்கியிருக்கணும்” என்றார்கள்.

தவறான பதில். வெள்ளரியின் எடையில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர், தக்காளியும் அப்படித்தான். உப்பு பட்டதும் சவ்வூடு பரவலால் அந்த நீர் வெளியேறுகிறது. உப்புப் பிசறிய வெள்ளரியைக் கால் மணி நேரம் கிண்ணத்தில் வைத்தால் அடியில் நீர் தேங்குவது கண்ணுக்கே தெரியும். அந்த நீரில் மைதா டார்ட்டில்லாவும் ஊறத்தான் செய்யும்.

வெள்ளரியின் விதைப்பகுதியைச் சுரண்டி எறிந்து, உப்புப் பிசறி, நீர் விட்டதும் துணியில் இறுக்கிப் பிழிய வேண்டும். தக்காளியைப் பச்சையாக வைக்கவே கூடாது. எண்ணெய் பிரியும்வரை வதக்கித் தொக்காகத் தடவலாம். தயிர் வேண்டுமா? முந்தின இரவே துணியில் கட்டி ஃபிரிஜ்ஜுக்குள் வடியவிட்ட கெட்டித் தயிர் போதும், மயோனைஸ் தேவையில்லை. மசித்த உருளைக்கிழங்கு ஈரத்தைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும் என்பதால் பட்டாணி, பனீர் எதற்கும் அதுவே நல்ல கூட்டு. சப்பாத்தியில் முதலில் மெல்லிசாக வெண்ணெய் தடவினால் கொழுப்பு ஈரத்தைத் தடுக்கும்.

மசாலா ஆறிய பிறகே சுருட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் நீராகி ரோலின் மேலேயே சொட்டும்.

சப்பாத்திக்கு அதிக வேலை இல்லை: தளர்வாகப் பிசைந்து, அரை மணி ஊறவிட்டு, சுட்டதும் துணியில் சுற்றி வைத்தால் நன்றாக வளையும். இரவே சுட்டு ஃபிரிஜ்ஜில் வைத்தால் குளிரில் மாவுச்சத்து இறுகி, சுருட்டும்போது வெடிக்கும். கல்லில் சூடு காட்டினால் மறுபடி நெகிழும்.

ஏழரைக்கு ஸ்கூல் வேன் வாசலில் நிற்கும் வீட்டில், மசாலாவும் தயிரும் இரவே தயாராகிவிட்டால் காலையில் மிச்சம் இருப்பது சப்பாத்தி சுடுவதும் வெள்ளரி பிழிவதும் சுருட்டுவதும்தான். அந்த டார்ட்டில்லா பாக்கெட் இன்றுவரை இவர் வீட்டுக்குள் வரவில்லை. டப்பா காலியாகவே திரும்புகிறது.