பச்சையும் ரேகையும்

மனித உடல்மேல் இடப்படும் அடையாளம் இருவகைப்படும். ஒன்று, தானே விரும்பி ஏற்பது. மற்றொன்று, அதிகாரம் படைத்தோர் வலிந்து இடுவது. முன்னது அணி, பின்னது விலங்கு. இவ்வேறுபாட்டை நம் மதுரை வட்டார வரலாற்றையும் யூதர் வரலாற்றையும் அருகருகே வைத்துக் காண்போம்.

நம் பாட்டிமார் கைகளில் கோலமும் தேளும் பச்சையாய்ப் படிந்திருந்ததைப் பலரும் கண்டிருப்போம். ஊர் ஊராய்ச் சென்று அவற்றைக் குத்தியோருள் குறவர் குலப் பெண்கள் குறிப்பிடத்தக்கவர்கள். குத்திக்கொண்டவள் தானே கையை நீட்டினாள், கூலியும் கொடுத்தாள்.

பச்சை குத்திய அக்குலத்தாரின் கையையே பின்னர் அரசு பற்றி இழுத்தது. 1871-இல் வட இந்தியாவில் தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. பிறப்பினாலேயே ஒருவனைக் குற்றவாளியாக்கியது அச்சட்டம். குறவரும், நம் பகுதியில் பிறமலைக் கள்ளரும் அதற்கு ஆளாயினர். விரல் ரேகை பதியவேண்டும். ஆடவர் இரவில் காவல் கச்சேரியில் படுத்தெழ வேண்டும். வெளியூர் செல்லச் சீட்டுப் பெற வேண்டும். மக்கள் இதனை ‘ரேகைச் சட்டம்’ என்றே வழங்கினர். வாடிப்பட்டிக்குத் தென்மேற்கே, உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மறுத்தோரைக் காவல் படை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர்.

இனி, யூதரிடம் வருவோம். பச்சை குத்துவதை அவர்தம் மறை தடுக்கிறது. லேவியராகமம் 19:28-இல் இவ்விதி உள்ளது. பிற சமயத்தார் தம்மைத் தம் தெய்வத்திற்கு விற்கப்பட்ட அடிமைகளாகக் காட்டவே இவ்வாறு குறியிட்டனர் என்று 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடஸ் விளக்குகிறார். இத்தகைய மக்களின் கையில்தான் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் நாஜிகள் எண்ணைக் குத்தினர். 1941-இல் சோவியத் போர்க்கைதிகளிடம் தொடங்கிய இவ்வழக்கம் அடுத்த ஆண்டு யூதர்மேல் பாய்ந்தது. பெயர் மறைந்தது, எண்ணே ஆளாயிற்று. வந்த அன்றே நச்சுப்புகை அறைக்கு அனுப்பப்பட்டோருக்கு அந்த எண்கூட இடப்படவில்லை.

விதி மீறியவர் யார்? 16-ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த சட்டநூல் இதற்கு முன்னரே விடை தந்திருந்தது. பிறர் தன் உடலில் குத்தும்போது அதற்குத் துணை நில்லாதவன் குற்றவாளி அல்லன். பழி குத்தியவனையே சாரும்.

ரேகையும் ஆஷ்விட்ஸ் எண்ணும் ஒரே அளவின அல்ல. அம்முகாமில் மாண்ட யூதர் ஏறத்தாழ 10 லட்சம் பேர். எனினும், மனிதனைப் பெயரால் அறியாமல் குறியால் அறியும் மனப்பான்மை இரண்டிற்கும் பொது.

அம்மனப்பான்மை சட்டத்தோடு மறைவதில்லை. நம் மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் குற்றப் பரம்பரைச் சட்டம் நீங்கியது. ஆயினும் 1993-இல் அமிர்தசரசில், முன்பு அச்சட்டத்திற்கு ஆளான சான்சி இனப் பெண்கள் நால்வரின் நெற்றியில் ‘ஜேப் கத்ரி’, அதாவது ‘பிக்பாக்கெட்’ என்று காவலர் பச்சை குத்தினர். 2016-இல்தான் காவல் துறையினர் மூவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அண்மைக் காலத்தில் இஸ்ரேலில் பேரப்பிள்ளைகள் சிலர், தம் பாட்டன் கையிலிருந்த எண்ணைத் தம் கையில் விரும்பிக் குத்திக்கொண்டுள்ளனர். பெருங்காமநல்லூரில் நினைவுத்தூண் நிற்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 3 அன்று மக்கள் கூடுகின்றனர். இழிவென இடப்பட்ட குறியை வழித்தோன்றல்கள் நினைவாக ஏற்கும்போது, நாணவேண்டியவர் குறியைச் சுமந்தவர் அல்லர், இட்டவரே என்பது விளங்குகிறது.