ஏ. ஈ. மனோகரனின் பொப்பிசை: ஒரு நோக்கு

கவிதை, சிறுகதை, நாடகம் என்பவற்றை இலக்கியமாகக் கற்கும் நாம், பொப்பிசைப் பாடல்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒரு சமூகம் யாருடன் கலந்து வாழ்ந்தது என்பதை இப்பாடல்களும் சொல்லும். அதற்கு நல்ல சான்று ஏ. ஈ. மனோகரன்.

தமிழகத்தில் 'சிலோன் மனோகர்' என அறியப்பட்ட இவர், நித்தி கனகரத்தினம் முதலியோருடன் இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையை வளர்த்தவர். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' (1978) திரைப்படத்திலும் நடித்தார். 2018 ஜனவரி 22ஆம் திகதி சென்னையில் காலமானார்.

இவரது புகழ்பெற்ற பாடல் 'சுராங்கனி'. சிங்கள பைலாப் பாடலொன்றைத் தமிழோடு கலந்து, தமிழ் மேடைக்கு உரியதாக்கியதே இவரது ஆக்கத்திறன். பாடலின் செய்தி மிக எளியது: ஒரு பெண்ணுக்கு மீன் வந்திருக்கிறது. மீனைக் குறிக்கும் 'மாலு' என்ற சிங்களச் சொல்லை அவர் மாற்றவில்லை. மாம்புரி போன்ற கரையோர ஊர்களில் வாழும் எமக்கு அச்சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. மீன் விற்கும் இடத்தில் இரு மொழிகளும் கலப்பது இயல்பு. அந்தப் பேச்சையே அவர் பாட்டாக்கினார்.

பைலாவின் வேரும் எமக்குத் தொலைவில் இல்லை. 'பைலா' என்பது ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துக்கேய வழியினரும் ஆபிரிக்க வழியினரும் பாடிய பாடல்களின் தாளத்திலிருந்து இவ்விசை பிறந்தது. வொலி பஸ்தியன் இதனைச் சிங்கள மக்களிடையே பரப்பினார். புத்தளம் சிரம்பையடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் 'மஞ்சா' இசை இம்மரபுக்கு நெருங்கியது. றபானுடன் தேங்காய்ச் சிரட்டை, போத்தல், கரண்டி ஆகியவையும் அவர்களுக்கு வாத்தியங்கள். அவர்களுடைய கிரியோல் மொழி பேச்சிலிருந்து மறைந்துவரும் வேளையிலும், அதன் சொற்கள் பாட்டில் தங்கியிருக்கின்றன.

'சுராங்கனி' கடலையும் கடந்தது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் அது ஒலித்தது.

இப்பாடலில் எனக்கு ஒரு குறையும் தெரிகிறது. சுராங்கனியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவள் மனத்தில் என்ன இருந்தது என்பதைப் பல்லவி சொல்வதில்லை. வலையிழுக்கும் தந்தையரையும் மீன் காய வைக்கும் தாய்மாரையும் அறிந்த நாம் அந்த இடத்தை நிரப்பலாம்.

மனோகரன் விட்டுச் சென்றது ஒரு பாட்டு மட்டுமல்ல. பக்கத்து வீட்டு மொழியைக் கூச்சமின்றி எடுத்துப் பாடும் துணிவும்தான். எமது கரையின் பாட்டுகளை மூத்தோரிடம் இன்றே கேட்டு எழுதி வைப்போம். அவர்களுக்குப் பின் கேட்பதற்கு ஆள் இருக்காது.