கையில் ஒரு தொழில்: எஸ்.பி.எம். எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு பாடம்



இந்த மாதப் பாடம் தேவாரமும் இல்லை, புராணமும் இல்லை. எஸ்.பி.எம். முடிந்த பிறகு என்ன செய்யப் போறீங்க என்பதுதான் பாடம். நான் ஒரு தொழிற்சாலையில் மின்சாரப் பிரிவில் வேலை செய்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். 1998-ல் எஸ்.பி.எம். எழுதினேன். அதன் பிறகு அரசாங்கப் பயிற்சிக் கழகத்தில் வயரிங் படித்தேன். சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் பல வருஷமாக இதைப் பேசிக்கிட்டு வரேன். அங்கே சொல்வதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.

1. பொட்டு வைத்த ஸ்பேனர்

ஆயுத பூஜை அன்று நாம் என்ன செய்கிறோம்? ஸ்பேனர், டிரில், தையல் மெஷின், லாரி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோம். மறுநாள் அதே ஸ்பேனரைப் பிடிக்கிற பையனைப் பார்த்து, "பாவம், படிப்பு ஏறல, அதான் இந்த வேலைக்கு வந்துட்டான்" என்கிறோம். கருவியில் தெய்வம் இருக்கிறதாம், அதைப் பிடிக்கிற கையில் இல்லையாம். இது என்ன நியாயம்?

பெரிய புராணத்தைப் புரட்டிப் பாருங்க. திருநீலகண்டர் மண்பாண்டம் செய்தவர். நேசர் நெசவாளி. திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுத்தவர். அதிபத்தர் நாகப்பட்டினத்து மீனவர். கலியர் எண்ணெய் ஆட்டியவர். இவர்களில் யாரும் தொழிலை ஒரு பக்கம், பக்தியை ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கவில்லை. செய்த வேலையே தொண்டாக இருந்தது. அறுபத்து மூவர் வரிசையில் இவர்களுக்கு மாலை போடுகிற நாம், நம் வீட்டுப் பிள்ளை வெல்டிங் படிக்கப் போறேன் என்றால் முகம் சுளிக்கலாமா?

எல்லாரும் கைத்தொழிலுக்குப் போங்க என்று நான் சொல்ல வரவில்லை. ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழகம் என்று போக முடிந்தவர்கள் தாராளமாகப் போங்க. ஆனால் எந்த வழியும் தெரியாமல், எஸ்.பி.எம். எழுதிய மறுமாதமே கிடைத்த வேலையில் ஏறி, பத்து வருஷம் கழித்தும் அதே சம்பளத்தில் நிற்கிற நம் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. வழி காட்ட ஆள் இல்லை.

2. முதலில் உன்னைக் கேள்

கல்லூரியைத் தேடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து இந்த நான்கு கேள்விக்கும் பதில் எழுதுங்க. கூட்டாளிக்காக எழுத வேண்டாம், அம்மா அப்பாவுக்காகவும் எழுத வேண்டாம்.

எதைச் செய்யும்போது எனக்கு நேரம் போவதே தெரியவில்லை? மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவதா, சமையலா, கணினியா, படம் வரைவதா?

உட்கார்ந்து செய்யும் வேலை பிடிக்குமா, நடமாடிச் செய்யும் வேலையா? உயரம், வெயில், இரவு ஷிப்ட் எனக்கு ஒத்துவருமா?

கணக்கில் நான் எப்படி? மின்சாரத்துக்கும் மெஷின் வேலைக்கும் கணக்கு கட்டாயம் வேண்டும். "கையால செய்ற வேலைதானே" என்று வருகிறவர்கள் முதல் மூன்று மாதத்திலேயே திணறிப் போவார்கள்.

வீட்டு நிலைமை என்ன? எத்தனை வருஷம் சம்பளம் இல்லாமல் என்னால் படிக்க முடியும்?

கடைசிக் கேள்விக்கு வெட்கப்படாமல் பதில் எழுதுங்க. அதைப் பொறுத்துத்தான் வழி மாறும்.

3. என்னென்ன வழி இருக்கிறது?

நம் நாட்டில் இந்தத் துறையை 'திவெட்' என்று சொல்வார்கள். ஒரே அமைச்சின் கீழ் இது இல்லை. அதனால்தான் பலருக்குக் குழப்பம். நான் பிரித்துச் சொல்கிறேன்.

வொகேஷனல் கல்லூரி: கல்வியமைச்சின் கீழ் வருவது. மூன்றாம் படிவம் முடித்து, நான்காம் படிவ வயதில் நுழைவது. முதலில் எஸ்.வி.எம்., தொடர்ந்து டி.வி.எம். என்ற டிப்ளோமா. ஐந்தாம் படிவத்தில் இருக்கிறவர்களுக்கு இது காலம் கடந்த சேதி. ஆனால் வீட்டில் மூன்றாம் படிவத்தில் தம்பி தங்கை இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்க.

அட்டெக்: மனிதவள அமைச்சின் ஆள்பலத் துறை நடத்துகிறது. வெல்டிங், மெஷினிங், மின்சாரம், குளிர்சாதனம், மெக்கட்ரோனிக் போன்ற பயிற்சிகள். பினாங்கில் உள்ள ஜப்பான் மலேசியத் தொழில்நுட்பக் கழகமும் இதே குடும்பம்தான்.

சமூகக் கல்லூரி, பாலிடெக்னிக்: உயர்கல்வி அமைச்சின் கீழ். சமூகக் கல்லூரியில் சான்றிதழ், பாலிடெக்னிக்கில் டிப்ளோமா. நாட்டின் முதல் பாலிடெக்னிக் ஈப்போவில் உள்ள உங்கு ஓமார், 1969-ல் தொடங்கியது. பாலிடெக்னிக்குக்குச் சில பாடங்களில் கிரெடிட் வேண்டும். சமூகக் கல்லூரியின் நிபந்தனை அதைவிட இலகு.

இளைஞர் விளையாட்டு அமைச்சின் பயிற்சிக் கழகங்கள்: வாகனப் பழுது, கட்டுமானம், உணவுத் தயாரிப்பு என்று பல பிரிவுகள்.

எஸ்.எல்.டி.என்.: சம்பளம் இல்லாமல் ஒரு வருஷம்கூட உட்கார முடியாத வீட்டுப் பிள்ளைகள் இதைக் கவனியுங்க. இது வேலை செய்துகொண்டே படிக்கும் திட்டம். நேரத்தில் பெரும்பகுதி, கிட்டத்தட்ட 70 முதல் 80 விழுக்காடு, நிறுவனத்திலேயே பயிற்சி. மீதி நேரம் வகுப்பு. பயிற்சிக் காலத்தில் அலவன்ஸ் கிடைக்கும், முடிவில் எஸ்.கே.எம். சான்றிதழ் கிடைக்கும். அந்தக் காலத்தில் ஆசாரியிடம் சீடனாக இருந்து தொழில் பழகினார்களே, அதே முறைதான்.

அரசாங்கத் திவெட் இடங்களுக்கு 'யூபி திவெட்' என்ற இணையத்தளத்திலும், பாலிடெக்னிக்குக்கு 'யூபியூ' வழியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். கட்டொழுங்கு சான்றிதழையும் எஸ்.பி.எம். சான்றிதழையும் ஸ்கேன் செய்து கைப்பேசியில் இப்போதே வைத்துக்கொள்ளுங்க. கடைசி நாள் ராத்திரி பதினொரு மணிக்குத் தேடினால் கிடைக்காது.

4. ஏணியில் ஐந்து படி

திறன் பயிற்சியில் எஸ்.கே.எம். என்ற பெயரை அடிக்கடி கேட்பீங்க. மலேசியத் திறன் சான்றிதழ் என்று பொருள். 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே. கொடுப்பது. நிலை 1, 2, 3 வரை சான்றிதழ். நிலை 4 டிப்ளோமா, நிலை 5 உயர் டிப்ளோமா.

நிலை 1 என்றால் சொன்ன வேலையைச் செய்பவர். நிலை 3 என்றால் தானே வேலை செய்து, மற்றவர்களையும் பார்த்துக்கொள்பவர். நிலை 4, 5 என்றால் நிர்வாகத்தை நோக்கிப் போகிறவர். பலர் நிலை 2-ஓடு நின்று விடுகிறார்கள். கையில் கொஞ்சம் காசு வந்ததும், "போதும்ணே, வேலை கிடைச்சிருச்சு" என்பார்கள். நான் கெஞ்சிக் கேட்கிறேன், நிலை 3-ஐயாவது தொட்டுவிடுங்க.

டிப்ளோமா முடித்தவர்கள் பட்டப்படிப்புக்கும் போகலாம். மலாக்காவில் யூத்தெம், பத்து பகாட்டில் யூதிஎச்எம், பெர்லிஸில் யூனிமாப், பகாங்கில் யூஎம்பிஎஸ்ஏ என நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஆக, கைத்தொழில் வழி முட்டுச்சந்து இல்லை. சுற்றிப் போகிற பாதை, அவ்வளவுதான்.

5. சான்றிதழ் வேறு, உரிமம் வேறு

இது என் சொந்தத் துறை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். மின்சார வேலைக்குப் படித்தால் மட்டும் போதாது. எரிசக்தி ஆணையம் கொடுக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். வயர்மேனுக்கு ஒருமுனை, மும்முனை என்று தரம் உண்டு. அதற்கு மேலே சார்ஜ்மேன். குறைந்த மின்னழுத்தத்துக்கு ஏ வகை, உயர் மின்னழுத்தத்துக்கு பி வகை. பெரிய தொழிற்சாலையும் மாலும் தகுதி பெற்ற ஆள் இல்லாமல் மின் நிறுவலை நடத்த முடியாது. அது சட்டம். அதனால்தான் இந்தச் சான்றிதழ் உள்ளவனுக்கு முதலாளி மரியாதை கொடுக்கிறார்.

மற்றத் தொழில்களிலும் இப்படித்தான். கட்டுமான இடத்துக்குள் நுழைய சி.ஐ.டி.பி. அட்டை வேண்டும். கிரேன் ஓட்ட வேலையிடப் பாதுகாப்புத் துறையிடம் பதிய வேண்டும். விமானப் பராமரிப்புக்கு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமம் வேண்டும். வெல்டிங்கில் 6ஜி நிலையில் குழாய் ஒட்டத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும் வேலை வேறு, வேலி ஒட்டுகிறவனுக்குக் கிடைக்கும் வேலை வேறு. ஒரு பயிற்சியில் சேரும்முன், "இதை முடிச்சா எந்த உரிமத்துக்கு நான் பரீட்சை எழுத முடியும்?" என்று கேளுங்க.

இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. எந்தத் திறனும் இல்லாமல் நுழைகிறவருக்கும் அது உண்டு. அதற்கு மேலே ஏற என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

6. ஏமாறாமல் இருக்க

எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு தம்பியின் கதை. பேரங்காடியில் ஒரு தனியார் கல்லூரி கடை விரித்திருந்தது. சேர்ந்தால் மடிக்கணினி இலவசம் என்றார்கள். வாகனப் பழுது பயிற்சியில் சேர்ந்தான், கடன் எடுத்தான். ஒரு வருஷத்துக்கு மேல் படித்த பிறகுதான் அந்தப் பயிற்சிக்கு அங்கீகாரம் காலாவதியாகிவிட்டது என்று தெரிந்தது. கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தது, அந்தப் பயிற்சிக்கு இல்லை. சான்றிதழ் கைக்கு வரவில்லை. கடன் மட்டும் வந்தது. அவன் அம்மா ஒரு சங்கிலியை அடகு வைத்துத் தவணை கட்டினார்.

பிள்ளை விழுந்துவிடவில்லை. ஒரு பட்டறையில் சேர்ந்து சில வருஷம் வேலை செய்தான். அனுபவத்தை வைத்தே எஸ்.கே.எம். பெறும் பி.பி.தி. என்ற முறை இருக்கிறது. செய்த வேலைக்குச் சான்றுகளைத் திரட்டிக் கொடுத்து, மதிப்பீட்டில் தேறினான். ஆனால் போன காசும் காலமும் திரும்பி வரவில்லை.

ஆகவே மூன்றைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீங்க. ஒன்று, திறன் பயிற்சி என்றால் ஜே.பி.கே. பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர் மட்டும் இல்லாமல், அந்தப் பயிற்சியும் அதன் நிலையும் காலாவதித் தேதியும் இருக்கிறதா? இரண்டு, மற்ற டிப்ளோமா என்றால் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா? மூன்று, கடன் யாருடையது? திறன் பயிற்சிக்கு பி.தி.பி.கே. கடன், டிப்ளோமா, பட்டத்துக்கு பி.தி.பி.தி.என். இரண்டும் திருப்பிக் கட்ட வேண்டிய காசு. "ஃப்ரீ" என்று யார் சொன்னாலும் தாளில் எழுதிக் கேளுங்க.

இன்னொன்று. மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. அப்படி ஆனவர்கள் ஒளிந்துகொள்ள வேண்டாம். இரண்டு பாடத்துக்கும் மறுதேர்வு உண்டு. முதலில் அதை எழுதுங்க.

7. தங்கைகளுக்கும் வீட்டுக்கும்

தங்கைகளே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். எங்கள் தொழிற்சாலையில் கட்டுப்பாட்டுப் பலகையை ஒயர் செய்கிற வேலையில் பெண்கள் இருக்கிறார்கள். பொறுமையும் சுத்தமும் வேண்டிய வேலை அது. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று யாராவது சொன்னால், ஆயுத பூஜையில் நடுவில் வைத்துக் கும்பிடுவது யாரை என்று கேளுங்க. சரஸ்வதியைத்தான்.

வீட்டில் பேசுவது கஷ்டம், எனக்குத் தெரியும். "சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க?" என்பார் அம்மா. கோபப்படாதீங்க. அவர்கள் பயப்படுவது நம் தோட்டத்து வாழ்க்கை திரும்பி வந்துவிடுமோ என்று. வெறும் கையோடு பேசாமல் தாளோடு போங்க. எத்தனை மாதம், எவ்வளவு செலவு, எந்தச் சான்றிதழ், எந்த உரிமம், அடுத்த படி என்ன என்று ஐந்து வரி எழுதிக் காட்டுங்க. முடிந்தால் அந்தத் தொழிலில் இருக்கிற ஓர் அண்ணனையோ அக்காவையோ வீட்டுக்கு அழைத்து வாங்க. பிள்ளை யோசித்துத்தான் பேசுகிறான் என்று தெரிந்தாலே பாதி எதிர்ப்பு அடங்கும்.

இந்த மாதப் பயிற்சி

அ. பாடம் 2-ல் உள்ள நான்கு கேள்விக்கும் பதில் எழுதி வாருங்கள்.

ஆ. உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய ஒரு பயிற்சி மையத்தைக் கண்டுபிடித்து, அங்குள்ள மூன்று பயிற்சிகளின் அங்கீகாரத்தைச் சரிபாருங்கள்.

இ. கைத்தொழிலில் இருக்கும் ஒருவரிடம் பத்து நிமிஷம் பேசுங்கள். "இந்த வேலையில ரொம்பக் கஷ்டமானது எது?" என்று கட்டாயம் கேளுங்கள்.

ஈ. பள்ளியின் கவுன்சலிங் ஆசிரியரை ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். பிரச்சினை பண்ணினால்தான் அவரைப் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பதில்களோடு அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வாங்க. விண்ணப்பத்தை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து நிரப்புவோம். கணினி இல்லாதவர்களுக்கு என்னுடையது இருக்கும்.