மூளைக்கும் ஓர் அளவுகோல்

ஹைதராபாத் நகரின் வடபுறத்தே அமைந்துள்ள ஜீடிமெட்லா தொழிற்பேட்டை, மருந்து உற்பத்திக்கும் வேதிப்பொருள்களுக்கும் பெயர் பெற்றது. ஆனால் மருந்து முழுப் பயன் தர வேண்டுமாயின், நோயை உரிய காலத்தில் கண்டறிதல் இன்றியமையாதது. இதற்கு உதவும் ஆய்வொன்று அதே நகரின் மேற்கே, கச்சிபவுலியிலுள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் நடைபெற்றது. பேராசிரியை ஜெயந்தி சிவசுவாமியின் தலைமையில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் ஒத்துழைப்புடன் உருவான 'ஐ.பி.ஏ. 100' என்னும் இந்திய மூளை வரைபடம் 2019ஆம் ஆண்டு வெளிவந்தது.

அளவுகோல் ஏன்?

ஒருவரது மூளை சுருங்கியுள்ளது என்று கூற வேண்டுமாயின், இயல்பான மூளையின் அளவு முதலில் தெரிந்திருக்க வேண்டும். 1988இல் வெளியான தலைராக்–தூர்னூ வரைபடம், 60 வதுப் பிரெஞ்சுப் பெண்மணி ஒருவரின் மூளையை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. பின்னர், கனடாவின் மான்ட்ரீல் நரம்பியல் நிலையம் பலருடைய படங்களின் சராசரியைக் கொண்டு வரைபடங்கள் அமைத்தது. அவையே உலகெங்கும் வழக்கிற்கு வந்தன.

மேலைநாட்டவரின் சராசரி இந்தியருக்குப் பொருந்துமா? ஹைதராபாத் ஆய்வின்படி, இந்திய மூளையின் உயரம், அகலம், பருமன் ஆகியவை மேலைநாட்டு, சீன, கொரிய மூளைகளின் சராசரியைவிடக் குறைவானவை. இது அறிவாற்றலைக் குறிப்பதன்று. எனினும், பிறநாட்டு அளவுகோலைக் கொண்டு நோக்கினால், நலமான மூளையும் சுருங்கியதாகத் தோன்றக்கூடும். தவறான நோயறிதலுக்கு அது வழிவகுக்கும்.

கணிப்பொறியின் பணி

காந்த ஒத்ததிர்வுப் படம் மூளையை நுண்ணிய கனசதுரங்களாகப் பகுத்துக் காட்டுகிறது. 256 வரிசை, 256 நிரை, 176 அடுக்கு கொண்ட ஒரு படத்தில் ஏறத்தாழ 1 கோடியே 15 லட்சம் கனசதுரங்கள் அடங்கும். தலைகள் ஒரே அளவினவல்ல. ஒரே கோணத்தில் படம் பிடிக்கப்படுவனவும் அல்ல. ஆகவே, கணிப்பொறி ஒவ்வொரு படத்தையும் திருப்பி, நீட்டி, சுருக்கி ஒன்றோடொன்று பொருத்துகிறது. பிறகு சராசரி கண்டு, அச்சராசரியுடன் படங்களை மீண்டும் பொருத்துகிறது. வடிவம் நிலைபெறும்வரை இது தொடரும். இறுதியில் மூளையின் உறுப்புகள் குறிக்கப்படுகின்றன.

எஞ்சியுள்ள பணி

ஐ.பி.ஏ. 100 வரைபடத்திற்கு உதவியோர் 21 முதல் 30 வயது வரையிலான 50 ஆண்களும் 50 பெண்களும் ஆவர். மறதி நோயோ பெரும்பாலும் முதியோரைத் தாக்குவது. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோய்க்கு உள்ளாகியிருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வயதுக்கேற்ப மூளையும் மாறுவதால், ஒவ்வொரு வயதுப் பிரிவினருக்கும் தனித்தனி அளவுகோல் தேவை.

வாழ்க்கையின் மறுமுனையை நோக்கிய முயற்சி சென்னையில் நிகழ்ந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 மெல்லிய சீவல்களாகப் படமெடுத்து, 'தரணி' என்னும் பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. ஆய்வாளர் எவரும் இதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

பொதுச் சொத்து

பொருளியல் நோக்கில், இத்தகைய வரைபடம் ஒரு பொதுப் பண்டம். ஒரு மருத்துவமனை பயன்படுத்துவதால் மற்றொன்றுக்கு அது குறைந்துவிடுவதில்லை. செலவு முழுவதையும் ஏற்று இதனை உருவாக்கத் தனியார் எவரும் எளிதில் முன்வரார். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் எடைகளும் அளவுகளும் நாடெங்கும் ஒருமைப்படுத்தப்பட்டபோது, அதன் பயன் சிற்றூர்ச் சந்தைவரை சென்றது. மூளைக்கான அளவுகோலும் அவ்வாறே மாவட்ட மருத்துவமனையை எட்ட வேண்டும். படம் தருவோரின் இசைவைப் பெறுதலும், அவர்தம் அந்தரங்கத்தைக் காத்தலும் இப்பணியின் பிரிக்க முடியாத பகுதிகளாகும்.