அல்பைசின் குன்று

ஓர் ஊரைக் காணச் செல்வோர் பெரும்பாலும் கண்ணையே துணையாகக் கொள்வர். கோட்டையைக் காண்பர், கோபுரத்தைக் காண்பர், கண்டவற்றைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவர். ஆயினும், சில ஊர்கள் கண்ணுக்கு மட்டும் தம்மை முழுதும் காட்டுவதில்லை. அவற்றின் வரலாறு நீரின் ஒலியில் மறைந்திருக்கும். மலரின் மணத்தில் கலந்திருக்கும். காலடியில் உறுத்தும் கல்லில் பதிந்திருக்கும். அத்தகைய இடங்களுள் ஒன்று, ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் கிரனாடா நகரத்தில் உள்ள அல்பைசின் குன்றாகும்.

இக்குன்றைக் கூட்டம் கூட்டமாகச் சென்று காண்பது அரிது. இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோடு ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகளும் இங்கு உண்டு. ஆதலின், ஆறேழு பேர் ஒரு வழிகாட்டியோடு சிறு குழுவாகச் சேர்ந்து, மெல்ல நடந்து, ஐம்புலன்களாலும் இக்குன்றை அறிய முயல்வது உண்டு. அத்தகைய குழு ஒன்று நடந்து செல்லும் வழியே இப்பாடத்தின் வழியும் ஆகும்.

ஊரும் பெயரும்

கிரனாடா என்னும் சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் மாதுளம்பழம் என்பது பொருள். ஊரின் நடுவே தாரோ என்னும் சிற்றாறு ஓடுகின்றது. ஆற்றின் ஒரு கரையில் அல்ஹம்பிரா என்னும் புகழ்பெற்ற அரண்மனைக் கோட்டை அமைந்த குன்று நிற்கின்றது. மறு கரையில் அல்பைசின் குன்று நிற்கின்றது. ஒன்று மன்னர் வாழ்ந்த மேடு. மற்றொன்று மக்கள் வாழ்ந்த மேடு.

அல்பைசின் என்பது அரபுச் சொல்லின் திரிபு. வல்லூறு பழக்குவோர் வாழ்ந்த சேரி என்பது அதன் பொருள் என்பர் சிலர். பாயெசா என்னும் ஊரினின்றும் வந்து குடியேறியோரால் பெற்ற பெயர் என்பர் வேறு சிலர். பதினோராம் நூற்றாண்டில் சீரி மரபினர் இக்குன்றின்மேல் கோட்டை அமைத்து ஆண்டனர். பின்னர் வந்த நஸ்ரி மரபு மன்னர்கள் அல்ஹம்பிராவில் இருந்து 1492-ஆம் ஆண்டு வரை அரசு செலுத்தினர். அல்ஹம்பிராவை 1984-ஆம் ஆண்டில் உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்ட யுனெஸ்கோ நிறுவனம், 1994-ஆம் ஆண்டில் அல்பைசினையும் அதனோடு சேர்த்துக்கொண்டது.

நீரின் குரல்

குழுவினர் தாரோ ஆற்றங்கரையில் நடையைத் தொடங்குகின்றனர். வழிகாட்டி முதலில் ஒன்றையும் சுட்டிக் காட்டுவதில்லை. கண்களை மூடிக்கொண்டு சற்றே நிற்குமாறு கூறுகின்றார். மூடிய கண்களுக்கு ஊர் மறைகின்றது, ஆறு தோன்றுகின்றது. கற்களினூடே சலசலத்து ஓடும் நீரின் ஒலி, முதலில் மெல்லியதாயும், கேட்கக் கேட்கப் பெரியதாயும் செவியில் நிறைகின்றது.

ஆறு பள்ளத்தில் ஓட, மக்கள் மேட்டில் வாழ்ந்தனர். மேட்டுக்கு நீர் ஏறியது எவ்வாறு? வடகிழக்கே அல்பகார் என்னும் ஊரின் பெரிய ஊற்றிலிருந்து வாய்க்கால் ஒன்றை வெட்டி, மலைச்சரிவின் வாட்டத்தை அறிந்து, சிறிது சிறிதாக இறங்கி வருமாறு அதனை இக்குன்றுக்குக் கொணர்ந்தனர். எந்திரம் ஒன்றும் இல்லை. நிலத்தின் சரிவே நீரை நடத்தி வந்தது. அவ்வாய்க்காலின் பெயர் ஐனதமார் என்பது. கண்ணீர் ஊற்று என்பது அவ்வரபுச் சொல்லின் பொருள்.

வந்த நீரைத் தெருத்தோறும் நிலத்தடித் தொட்டிகளில் சேர்த்து வைத்தனர். செங்கல் வளைவுகள் தாங்கிய அத்தொட்டிகளுள் இருபதுக்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. அவற்றுள் பெரியது அரசன் தொட்டி எனப்படும். வாய்க்கால் நீர் இன்ன பகுதிக்கு இன்ன வேளையில் என்று முறை வைத்துப் பங்கிடப்பட்டது. இன்று வீடுகளுக்குக் குழாய் நீர் வருகின்றது. ஆயினும், பழைய தொட்டியின் வாயருகே குனிந்து ஒரு சொல் சொன்னால், குளிர்ந்த காற்றும் எதிரொலியும் முகத்தில் வந்து படுகின்றன.

நீராடு மண்டபம்

ஆற்றங்கரைத் தெருவிலேயே எல் பானுவேலோ என்னும் பழைய நீராடு மண்டபம் இருக்கின்றது. இது பதினோராம் நூற்றாண்டைச் சார்ந்தது. வெளியிலிருந்து நோக்குவார்க்கு இஃது ஒரு சாதாரண வீடு போலவே தோன்றும். உள்ளே சென்றதும், வளைந்த கூரையில் விண்மீன் வடிவில் வெட்டிய துளைகள் வழியே ஒளிக்கற்றைகள் இறங்குவதைக் காணலாம். தண்ணீர், வெதுநீர், வெந்நீர் என மூவகை நீராடலுக்கும் தனித்தனி அறைகள் உண்டு. தூண்களின் தலைப்புகள் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. உரோமர் காலத்தனவும் பிற்காலத்தனவும் அங்கு ஒருங்கே நிற்கின்றன. வழிகாட்டியின் சொற்படி, குழுவினர் ஒருவர்பின் ஒருவராகத் தூணில் உள்ளங்கையை வைக்கின்றனர். வெயிற்காலத்திலும் கல் குளிர்ந்திருக்கின்றது.

இம்மண்டபம் இன்று நிற்பது ஒரு வியப்பே. ஏனெனில், இத்தகைய மண்டபங்கள் யாவும் இடிக்கப்படல் வேண்டும் என்று ஒரு காலத்தில் அரசாணை பிறந்தது. அதன் வரலாற்றை அறியாமல் இக்குன்றை அறிதல் இயலாது.

உறுதிமொழியும் ஆணையும்

1492-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2-ஆம் நாள், ஐரோப்பியர் போவப்தில் என்று அழைக்கும் மன்னர் முகம்மது, கிரனாடாவை இசபெல்லா அரசியாரிடமும் பெர்டினாந்து அரசரிடமும் ஒப்படைத்தார். முஸ்லிம்கள் தம் சமயத்தையும் வழக்கத்தையும் தடையின்றிக் காத்துக்கொள்ளலாம் என்று உடன்படிக்கையில் உறுதி கூறப்பட்டது.

நகரின் முதற்பேராயராக வந்த எர்நாந்தோ தெ தலவேரா, மக்களின் மனத்தை அறிய வேண்டுமாயின் முதலில் அவர்தம் மொழியை அறிதல் வேண்டும் எனக் கருதினார். தம் குருமாரை அரபு மொழி பயிலுமாறு தூண்டினார். அதன் பயனாகக் கிரனாடா மக்கள் பேசிய அரபு மொழிக்குச் சொற்கோவையும் இலக்கணமும் 1505-ஆம் ஆண்டில் அச்சாயின. ஆனால், 1499-ஆம் ஆண்டில் கர்தினால் சிஸ்நெரோஸ் அந்நகருக்கு வந்தார். அவர் பொறுமையை விரும்பினாரில்லர். பலரை வற்புறுத்தி மதம் மாற்றினார். அரபு நூல்களைத் தீக்கு இரையாக்கினார். மருத்துவ நூல்கள் மட்டும் தப்பின. அல்பைசின் கொதித்தெழுந்தது. அந்நேரத்தில் தலவேரா படைக்கலம் இன்றிக் குன்றின் தெருவுக்குச் சென்றார் என்றும், சினந்து நின்ற மக்கள் அவரைக் கண்டதும் தணிந்து அவருடைய ஆடையின் ஓரத்தை முத்தமிட்டனர் என்றும் வரலாறு கூறும்.

எனினும் காலம் கடுமையாயிற்று. மதம் மாறிய மக்கள் மொரிஸ்கோக்கள் எனப்பட்டனர். 1567-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இரண்டாம் பிலிப்பு மன்னரின் ஆணை கிரனாடாவில் முழங்கியது. மூன்று ஆண்டுகளுக்குள் யாவரும் கஸ்டிலிய மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதன்பின் அரபு மொழியைப் பேசவும் எழுதவும் கூடாது. பழைய உடையும் பெயரும் ஒழிய வேண்டும். நீராடு மண்டபங்கள் இடிபட வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக் கதவுகள் திறந்தே இருக்க வேண்டும் என்று அவ்வாணை விதித்தது.

அப்பொழுது முதியவர் ஒருவர் எழுந்தார். அவர் பெயர் பிரான்சிஸ்கோ நூனியெஸ் முலே. இளமையில் தலவேராவிடம் ஏவலராக இருந்தவர். ஆணையை நிறுத்தி வைக்குமாறு அவர் நீதிமன்றத் தலைவரிடம் விண்ணப்பம் செய்துகொண்டார். உடை என்பது நாட்டு வழக்கமே அன்றிச் சமயம் ஆகாது, கீழைநாட்டுக் கிறித்தவரும் அரபு மொழி பேசுகின்றனர், நீராடுவது தூய்மைக்காகவே, முதுமை அடைந்தோர் மூன்றாண்டில் தாய்மொழியை மறந்து வேறுமொழி பேசுதல் எவ்வாறு இயலும் என்றெல்லாம் அவர் எடுத்துரைத்தார். அவ்விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. 1568-ஆம் ஆண்டு இறுதியில் அல்புகார்ரா மலைகளில் கிளர்ச்சி மூண்டது. 1569-ஆம் ஆண்டில் அல்பைசினின் மொரிஸ்கோ ஆடவர் நகரை விட்டு அகற்றப்பட்டனர். 1609-ஆம் ஆண்டு முதல் 1614-ஆம் ஆண்டு வரை ஸ்பெயின் நாடு முழுவதினின்றும் ஏறத்தாழ மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள் வெளியேற்றப்பட்டனர்.

மதில் கடந்த மணம்

குழுவினர் இப்போது மேட்டுத் தெருக்களில் ஏறுகின்றனர். கருமையும் வெண்மையுமான கூழாங்கற்களை நெருக்கி நட்டு அமைத்த தெருக்கள் அவை. மெல்லிய செருப்பணிந்தோர் ஒவ்வொரு கல்லையும் உள்ளங்காலால் எண்ணிவிடலாம். தெருக்கள் வளைந்து வளைந்து செல்கின்றன. நேரே செல்லாத தெருவில் வெயிலும் நேரே விழுவதில்லை; சுவர்களின் நிழல் வழிப்போக்கருக்குக் குடையாகின்றது.

இருமருங்கும் வெள்ளை மதில்கள் உயர்ந்து நிற்கின்றன. உள்ளே என்ன உள்ளது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால், மல்லிகையின் மணம் மதிலைக் கடந்து வருகின்றது. இளவேனிலில் கிச்சிலி மலர்களின் மணமும் அதனோடு சேரும். இத்தகைய தோட்ட வீடுகளுக்குக் கார்மென் என்பது பெயர். கொடிமுந்திரி எனப் பொருள்படும் அரபுச் சொல்லே அவ்வாறு திரிந்தது. மொரிஸ்கோக்கள் அகன்றபின் பாழடைந்த வீடுகள் பல. அவ்வீட்டு மனைகளை ஒன்றாக இணைத்து, எஞ்சியோரும் புதிதாக வந்தோரும் தோட்டங்கள் ஆக்கினர். ஆதலின், இன்று மதில் கடந்து வரும் மலர்மணம், முன்னாளில் பல குடும்பங்கள் அடுப்பெரித்த இடத்தினின்றும் எழுவதாகும். இதனை வழிகாட்டி சொல்லக் கேட்டதும் குழுவினர் சிறிது நேரம் பேசாமல் நடக்கின்றனர்.

நாவில் நின்றவை

அடிவாரத்துக் கடைத்தெருவில் புதினாத் தேநீரின் ஆவியும் பட்டை, சீரகம் முதலியவற்றின் வாசனையும் பரவுகின்றன. குழுவினர் தேநீரும் வாதுமைப் பருப்பில் செய்த இனிப்பும் சுவைக்கின்றனர். இக்கடைகள் அண்மைக் காலத்தில் தோன்றியவை. பல வட ஆப்பிரிக்காவினின்றும் வந்தோரால் நடத்தப்படுவன. ஆயினும், நாவில் நிற்பது உணவின் சுவை மட்டும் அன்று. சொல்லின் சுவையும் உண்டு.

அரபு மொழியைப் பேசாதே என்று ஆணையிட்ட நாட்டில், மக்கள் நாள்தோறும் அறியாமலே அரபுச் சொற்களைப் பேசுகின்றனர். எண்ணெய்க்கு அசெய்தே, சர்க்கரைக்கு அசூகார், வாய்க்காலுக்கு அசேகியா, நிலத்தடித் தொட்டிக்கு அல்ஹிபே, கிச்சிலி மலருக்கு அசாஆர் என்பன அனைத்தும் அரபு வழிவந்தவை. கிச்சிலிப் பழத்தை ஸ்பானியர் நரான்ஹா என்பர். அச்சொல் அரபு நாரஞ்ச் என்பதினின்றும், அது பாரசீக நாரங் என்பதினின்றும், அது வடமொழி நாரங்கம் என்பதினின்றும் வந்தது. வடமொழிச் சொல்லுக்கும் மூலம் திராவிட மொழியே ஆகலாம் என்பது அறிஞர் பலர் கருத்து. தமிழில் வழங்கும் நாரத்தை என்னும் சொல்லை அவர்கள் அதற்குச் சான்றாகக் காட்டுவர். ஒரு பழம் கடல் கடந்து செல்லும்போது தன் பெயரையும் உடன்கொண்டு செல்கின்றது. அதனைத் தடுக்க எந்த ஆணையாலும் இயலவில்லை.

குன்றின் உச்சியில்

மாலைப்பொழுதில் குழுவினர் புனித நிக்கோலாசு கோயில் முன்றிலை அடைகின்றனர். எதிர்க்குன்றில் அல்ஹம்பிராவின் செந்நிற மதில்கள் கதிரொளியில் சிவந்து நிற்கின்றன. சிவந்தது என்பதே அப்பெயரின் பொருள். அதற்கும் அப்பால் சியெரா நெவாடா மலைத்தொடரின் முடிகளில் பனி வெளுத்துத் தோன்றுகின்றது. முன்றிலுக்கு அருகே புதிய பள்ளிவாசல் ஒன்று 2003-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சற்றுத் தொலைவில் உள்ள சான் சல்வடோர் கோயில், பழைய பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்திலே கட்டப்பட்டது. பள்ளிவாசலின் முற்றமும் அதன் குதிரை இலாட வளைவுகளும் இன்றும் அக்கோயிலில் உள்ளன. ஒரே குன்றில் தொழுகை அழைப்பும் கோயில் மணியும் இன்று கேட்கப்படுகின்றன.

ஆனால் குன்றுக்கு இன்று வேறொரு கவலை உண்டு. காண வருவோர் தொகை பெருகப் பெருக, வீடுகள் பல விருந்தினர் விடுதிகளாக மாறுகின்றன, வாடகை உயர்கின்றது, பரம்பரையாக வாழ்ந்தோர் பலர் வேறிடம் செல்கின்றனர். முன்பு ஆணையால் நேர்ந்தது இன்று ஆரவாரத்தால் நேர்ந்துவிடலாகாது. இதனாலேயே சிறு குழுவினர் குரலைத் தாழ்த்திப் பேசுகின்றனர். வாயிற்படியில் அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கு வணக்கம் கூறுகின்றனர். வழியை அடைக்காது ஒதுங்கி நடக்கின்றனர்.

சிஸ்நெரோஸ் எரித்த நூல்கள் மீளவில்லை. தலவேரா பேண விரும்பிய மொழியோ நூல்வடிவில் இன்றும் கற்பார்க்குக் கிடைக்கின்றது. கதவுகளைத் திறந்து வைக்குமாறு ஆணையிட்ட அரசு மறைந்தது. மூடிய மதிலைக் கடந்து மல்லிகை மணம் இன்றும் வருகின்றது. பிறர் வாழும் ஊருக்குள் செல்வோர் அவர்தம் மொழியையும் வழக்கத்தையும் மதித்துச் செல்லல் வேண்டும். அவ்வாறு செல்வார்க்கே நீரும் கல்லும் மலரும் தம் வரலாற்றைக் கூறும் என்பதனை அல்பைசின் குன்று உணர்த்துகின்றது.