பாதி மழையில் ஒரு தீவு

சைப்ரஸ், மத்தியதரைக் கடலில் உள்ள தீவு நாடு. அங்கே ஆண்டு மழை சுமார் 500 மி.மீ.தான். அதுவும் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை, குளிர்காலத்தில். வெயில் தணிந்த நேரம் பெய்வதால் ஈரம் சீக்கிரம் ஆவியாவதில்லை. கோடையில் மழை அரிது. ஆலிவ் மரங்கள் அதைத் தாங்கி நிற்கும்.

நம்ம திருவண்ணாமலைப் பக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு மழை. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் உண்டு. அப்புறம் ஏன் சித்திரையில் கிணறு வத்துது? அடியில் கடினப் பாறை. பல இடங்களில் மேல்மண் ஆழம் கம்மி. மழையும் சில நாளிலேயே கொட்டித் தீர்க்குது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையில் மண் சரிந்து உயிர்கள் போயின. தென்பெண்ணையில் வெள்ளம் ஓடிக் கடலில் கலந்தது. போர் போட்டுக் கடனாளியான உழவர்களோ கோடையில் தவிக்கிறாங்க.

என் மானாவாரிக் கொல்லையில் நான் செய்வது மூன்று. ஆடிக்கு முன்பே சரிவுக்குக் குறுக்கே வரப்பு உயர்த்துவேன். மல்லாட்டையில் ஊடுபயிராகத் துவரை போடுவேன்; அதன் வேர் ஆழம் போகும், உதிரும் இலை உரமாகும். அறுவடை முடிந்ததும் தழை, சருகால் மூடாக்கு.

அடுத்த மழைக்கு மறுநாள் கடப்பாரையால் ஒரு முழம் தோண்டிப் பாருங்க. ஈரம் அரை முழத்திலேயே நின்றிருந்தால், முதல் வேலை வரப்புதான்.